மாமன் மடியும் மூணாவது பாட்டிலும்

அந்த நாற்காலி வேணாம் தம்பி. பார்க்கத்தான் புதுசு, ஒரு தடவை சாய்ச்சா நிமிராது. இதுல உக்காருங்க. கிழக்குப் பார்த்தது, ஏசி நேரா மூஞ்சியில அடிக்காது, பாத்ரூம் இந்தத் திரைக்குப் பின்னாடியே இருக்கு. கையில ஊசி ஏத்தினப்புறமும் இந்த ட்ரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கிட்டே போயிடலாம், கீழ சக்கரம் இருக்கு பாருங்க. இந்த ரூம்லேயே நல்ல இடம் இதுதான். நான் எனக்குன்னு துண்டு போட்டு வெச்சிருந்தேன். பரவாயில்லை, நீங்க மொத நாளு.

தொழில் புத்தி, தப்பா நினைக்காதீங்க. நான் வீட்டு புரோக்கர். உறையூர், தில்லைநகர் பக்கம் புரோக்கர் நல்லதம்பின்னு கேட்டா சின்னப் பிள்ளையும் காட்டும்.

மொத தடவைதானே? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. பயப்படாதீங்க. எனக்குப் பயமே கிடையாது. மொத நாளு ஊசி குத்துறப்ப கண்ணை மூடிக்கிட்டது சாமி கும்பிடத்தான்.

கூட யாரும் வரலையா? வீட்ல சொல்லலையா? அப்படியா! கையைக் குடுங்க தம்பி. நானும் சொல்லலை. நாலு தடவை வந்துட்டேன், இன்னைக்கு வரைக்கும் என் வீட்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

உங்களுக்கு எங்க, சின்னக் குடலா, பெருங்குடலா? எனக்குப் பெருங்குடல். உள்ள பூரா புண்ணு. வருஷக்கணக்கா இருக்கு. உங்களுக்குச் சொல்லணுமா? வந்துச்சுன்னா வந்ததுதான். கொஞ்சம் இருய்யா, பேசி முடிச்சுட்டு வர்றேன்னு அதுகிட்ட சொல்ல முடியுமா? ரத்தமும் போகும். இது அடியோட போற வியாதி இல்லை, அடக்கி வெக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.

நெஞ்சு வலின்னா ஒரு கௌரவம் இருக்கு தம்பி. நாலு பேரு ஹார்லிக்ஸோட வருவாங்க. சுகர்னா கேட்கவே வேணாம், கல்யாண வீட்ல ஆளுக்கு ஆளு உக்காந்து பெருமையாப் பேசுறாங்க. இதை எப்படிச் சொல்றது? பந்தியில பக்கத்துல உக்காந்து எனக்கு இந்த மாதிரின்னு சொன்னா, அடுத்த இலைக்காரன் எழுந்திரிச்சுப் போயிடுவான்.

அதனாலதான் இந்தத் தொழில் எனக்கு அமைஞ்சது. யோசிச்சுப் பாருங்க, ஊர்ல காலியா இருக்கிற வீட்டுச் சாவியெல்லாம் யாருகிட்ட இருக்கு? கோர்ட் பக்கம் போனா அங்க ஒரு வீடு, சத்திரம் பக்கம் போனா அங்க ஒரு மாடி. வந்துச்சுன்னா வண்டியைத் திருப்புவேன், சாவியைப் போடுவேன். ஓனர் பார்த்துட்டா, குழாயில தண்ணி வருதான்னு பார்க்க வந்தேன் சார்னு சொல்லிடுவேன். அதுல எனக்கு என்ன பேரு தெரியுமா? நல்லதம்பி காட்டுற வீட்ல தண்ணிக் கஷ்டமே இருக்காது, மனுஷன் நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் சொல்லுவான்னு. நேர்மையான புரோக்கர்னு திருச்சியில பேரு வாங்குறது லேசுப்பட்ட விஷயமில்லை.

வீட்ல மட்டும் எப்படி மறைச்சேன்னு கேளுங்க. யோகம்தான். என் பொண்டாட்டி கோமளா நல்லாத்தான் சமைப்பா, கொஞ்ச வருஷமா அவளுக்குக் கை மறந்துபோச்சு. காரமே போடுறதில்லை. குழைஞ்ச சாதம், மோர், தெளிவா ரசம். என்னடி இதுன்னு கேட்டா எனக்கு நெஞ்செரிச்சல்ங்குறா. நானும் பாவம்னு விட்டுட்டேன். அவ நெஞ்செரிச்சல்ல என் வயிறு பொழைச்சுது.

ஆனா என் தலைவலி அவ இல்லை. எங்க மாப்ள. தங்கச்சி மங்கையைக் கட்டினவரு. பொன்னுரங்கம்னு பேரு, துறையூர்ல உரக்கடை வெச்சிருக்காரு. தம்பி, நான் யாரையும் புறம் பேசுற ஆளு இல்லை. ஆனா அந்த மனுஷன் என்னை மதிச்சதே கிடையாது. பொண்ணு குடுத்த வீட்டுக்காரன்னா ஒரு மரியாதை வேணாமா?

புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாரு. வந்த சொந்தக்காரங்களுக்கெல்லாம் மாடியில ஏசி ஹால், மெத்தை. எனக்கு? கீழ, படிக்கட்டு ஓரமா ஒரு சின்ன ரூம். நாலு சுவரு, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். மச்சான் நீங்க இங்க படுத்துக்கங்கன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சரி, எனக்கும் அதுதான் தோதுன்னு வாயை மூடிக்கிட்டேன். அது வேற விஷயம். ஆனா அவரு நினைப்பு என்ன நினைப்பு பார்த்தீங்களா?

கல்யாணத்துக்குப் போனா எல்லாரையும் மொதப் பந்திக்குக் கூப்பிடுவாரு, என்னை மட்டும் விட்டுடுவாரு. அப்புறமா ஒரு தட்டுல தயிர் சாதத்தைப் போட்டு யாரும் இல்லாத இடத்துல கொண்டாந்து நீட்டுவாரு. மாப்பிள்ளை வீட்டு விருந்துல எனக்குத் தயிர் சாதம்!

ஒரு தடவை குடும்பமா வேன்ல பழனிக்குப் போனோம். என்னைக் கொண்டுபோய் கதவோரத்துல உக்கார வெச்சாரு. அப்புறம் டீக்கடைக்கு டீக்கடை வண்டியை நிறுத்துறாரு. டிரைவர் திட்டுறான், மத்தவங்க எல்லாம் முணுமுணுக்கிறாங்க, மனுஷன் அசரலை. ஒரு வாய் டீ குடிச்சுட்டு, பாத்ரூம் எங்கப்பா இருக்குன்னு சத்தமா விசாரிப்பாரு. அப்பவே எனக்குச் சந்தேகம், இவருக்குத்தான் உள்ள ஏதோ கோளாறு, வெளியில சொல்லாம மறைக்கிறாருன்னு. பாவம். கேட்டா கூச்சப்படுவாருன்னு நான் கேட்டுக்கலை.

இருங்க, சிஸ்டர் வர்றாங்க. பிரஷர் பார்ப்பாங்க. மருந்து ஏறுற வரைக்கும் அப்பப்ப வந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அரிப்பு, மூச்சுத் திணறல், குளிர் நடுக்கம், எது வந்தாலும் உடனே சொல்லிடணும். அதுல மட்டும் வெக்கப்படாதீங்க. மத்ததுல வெக்கப்படலாம்.

எங்க விட்டேன்? மாப்ள.

மங்கைக்கு ஒரே பொண்ணு, சஷ்டிகா. இப்ப எட்டு வயசு. பிள்ளைக்குக் காது குத்தலை. ஒரு வயசுல குத்தியிருக்கணும், இல்லைன்னா மூணுல, அதுவும் இல்லைன்னா அஞ்சுல. எல்லாம் போச்சு. ஏன்னா, தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? அந்தத் தாய்மாமன் யாரு? இந்தா உக்காந்திருக்கேனே.

எங்க வழக்கம் என்னன்னா, மாமன் மாலை போட்டுக்கிட்டு மணையில உக்காந்துட்டா, காரியம் முடியுற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. எழுந்திரிச்சா பிள்ளைக்கு ஆகாதும்பாங்க. அதுவும் எங்க? மாப்ள வீட்டுக் குலசாமி கோயில்ல. துறையூர் தாண்டி, பொட்டக்காட்டு நடுவுல. ஒரு வேப்பமரம், ஒரு கருப்பர், சுத்தி கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெயிலு. மறைவுக்கு ஒரு செடி கிடையாது. பட்டு வேட்டி, மாலை, மடியில பிள்ளை, முன்னாடி முந்நூறு சனம், போட்டோக்காரன் வேற. நினைச்சுப் பார்த்தாலே எனக்கு வந்துடும் தம்பி.

நானும் சாக்கு சொன்னேன். ஒரு வருஷம் எனக்குக் கண்டம்னேன். ஒரு வருஷம் வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு காலுல துணியைச் சுத்திக்கிட்டுப் படுத்தேன். எந்தக் காலுல சுத்தினேன்னு மறந்து மறுநாள் மாத்திச் சுத்திட்டேன், நல்லவேளை யாரும் கவனிக்கலை. கோமளா மட்டும் ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, காபி ஆறுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அப்புறம் சொல்ல வந்தப்பெல்லாம் மங்கையே முந்திக்கும். அண்ணே, இந்த வருஷம் கடையில சரக்கு இறங்குற நேரம், அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்ணேங்கும். என் நேரம் நல்லாயிருந்துச்சு.

ஆனா ஊரு சும்மா இருக்குமா? சீர் வரிசை செய்யப் பயந்துக்கிட்டு மாமன்காரன் ஓடுறான்னு பேச்சு. அது கூடப் பரவாயில்லை. மாப்ளையோட பங்காளிங்க, ஒண்ணு விட்ட மாமன் ஒருத்தன் இருக்கான்ல, அவன் மடியில வெச்சுக் குத்திடுவோம்னு சொன்னாங்களாம். மாப்ள ஒத்துக்கலை. என் மச்சான் மடியிலதான், அவரு எப்ப வர்றாரோ அப்பன்னு சொல்லிட்டாரு. பிடிவாதம் பார்த்தீங்களா? என்னை ஊர் முன்னாடி தலைகுனிய வெக்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்ட மாதிரி!

பிள்ளைதான் பாவம். இந்த வருஷம் கோடை லீவுக்கு வந்துச்சு. ஸ்கூல்ல பசங்க மொட்டைக் காதுன்னு கூப்பிடுறாங்களாம். எங்க அம்மாவோட ஜிமிக்கி ஒண்ணு கோமளா பீரோவுல இருக்கு, சஷ்டிகாவுக்குன்னே எடுத்து வெச்சது. அதை எடுத்துக் காதோரம் பிடிச்சுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னுச்சு. நான் கதவோரம் நின்னு பார்த்தேன். என்னைக் கண்ணாடியில பார்த்துட்டு, டக்குனு ஜிமிக்கியைக் கீழ வெச்சுட்டு, மாமா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லைன்னுச்சு.

அன்னைக்கு எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்துச்சு தம்பி. இதுல விளையாட்டு இல்லை.

மறுவாரமே டாக்டர்கிட்ட போனேன். அவரு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாரு, மாத்திரை போதாது, ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்தணும்னு. நான்தான் நழுவிக்கிட்டிருந்தேன். ஸ்டீராய்டு மாத்திரையில கன்னம் வேற உப்பிப்போச்சு. ஊர்ல எல்லாரும் புரோக்கருக்கு வசதி வந்துடுச்சுன்னாங்க. நானும் ஆமா ஆமான்னேன். டாக்டர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன். இதை ஏத்தினா மணையில உக்கார முடியுமான்னு. அவருக்குப் புரியலை. எதுல உக்காரணும்னாரு. மணையில டாக்டர், எழுந்திரிக்காம, முந்நூறு பேரு முன்னாடின்னேன். முயற்சி பண்ணுவோம், சில பேருக்கு நல்லாக் கேட்கும், சில பேருக்குக் கேட்காதுன்னாரு. டிபி இருக்கான்னு பார்த்தாங்க, நெஞ்சுல எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம் முடிச்சு, நாளும் குறிச்சாச்சு.

மொத நாளு தஞ்சாவூருக்கு வீடு காட்டப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். கோமளா ஒரு பையைக் கொண்டாந்து குடுத்தா. உள்ள பார்த்தா ஒரு மாத்து வேட்டி, ஒரு கம்பளி சால்வை. தஞ்சாவூர்ல, ஆனி வெயில்ல, கம்பளி! எதுக்குடின்னா, ஏசி வீடா இருந்தா குளிரும்ல, வெச்சுக்கங்கங்குறா. வெகுளி தம்பி அவ. ஆனா பாருங்க என் யோகத்தை, இங்க வந்தா இந்த ரூமு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. அந்தச் சால்வைதான் இது. நீங்க கொண்டாரலையா? இந்தாங்க, காலுக்குப் போட்டுக்கங்க.

வந்து உக்காந்தா சிஸ்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. கூட ஆள் இல்லாம ஏத்த மாட்டோம்னு. என் தம்பி வண்டி நிறுத்தப் போயிருக்கான்னேன். எனக்குத் தம்பியே கிடையாது. அவங்க திரும்பத் திரும்ப வந்து, எங்க சார் உங்க தம்பின்னு கேட்குறாங்க. பார்க்கிங் கிடைக்கலை போலம்மான்னு சமாளிச்சுக்கிட்டே ஜன்னல் திரையை விலக்கி வெளியில பார்க்கிறேன், யாரு? எங்க மாப்ள! அந்த வராண்டாவுல, பிளாஸ்டிக் நாற்காலியில, தோள்ல பச்சைத் துண்டோட உக்காந்து பேப்பர் படிக்கிறாரு.

எனக்கு மருந்து ஏத்தாமலே குளிர் நடுக்கம் வந்துடுச்சு. சால்வையைத் தலையோட போத்திக்கிட்டேன். துறையூர்ல உரக்கடை வெச்சிருக்கிறவருக்கு இங்க என்ன வேலை? அப்புறம் யோசிச்சேன். நான்தான் பழனி வேன்லயே கண்டுபிடிச்சேனே, அவருக்கு உள்ள ஏதோ இருக்குன்னு. அதைக் காட்டத்தான் வந்திருக்காரு, யாருக்கும் சொல்லாம. பாவமா இருந்துச்சு.

நல்லவேளை, அவரு என்னைப் பார்க்கலை. மருந்து ஏறி முடிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அது வரைக்கும் அதே பேப்பரைத்தான் படிச்சுக்கிட்டிருந்தாரு. அந்த சிஸ்டரும் வெளியில ஒரு தடவை போயிட்டு வந்தவங்க, அப்புறம் தம்பி எங்கன்னு கேட்கவே இல்லை. மறந்துட்டாங்க. இத்தனை பேஷண்ட்டுல அவங்களுக்கு ஞாபகமா இருக்கும்?

ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது பாட்டில். அப்பவும் பெருசா ஒண்ணும் தெரியலை. ஏமாந்துட்டோம்டான்னு நினைச்சேன். ஒரு நாள் காவேரிப் பாலத்துல மாட்டிக்கிட்டேன். ஆடி மாசக் கூட்டம், முன்னாடியும் பின்னாடியும் பஸ்ஸு, நகர இடமில்லை. பாலத்து மேல என்கிட்ட எந்த வீட்டுச் சாவியும் கிடையாது. அரை மணி நேரம் நின்னிருப்பேன். பாலம் தாண்டி அந்தப் பக்கம் போய் டீ வாங்கிக் குடிக்கிறப்பத்தான் உறைச்சுது, நான் பயப்படவே இல்லையேன்னு. வயித்தை நினைக்கவே இல்லை தம்பி! அந்த டீக்கடையிலேயே நின்னு மங்கைக்குப் போன் போட்டேன். தேதி பாரும்மா, மாமன் ரெடின்னேன். லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு ஹலோ ஹலோன்னு கத்துறேன், மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்குது. சளி பிடிச்சிருக்காம்.

மூணாவது பாட்டிலும் ஏத்திக்கிட்டு, ஆவணியில ஒரு நல்ல நாள்ல போய் இறங்கினேன். பட்டுப் பாவாடை, பழத்தட்டு, வெத்தலைத் தட்டு, எங்க அம்மா ஜிமிக்கி, மேளம், ஒண்ணும் குறை வெக்கலை. கோயிலைப் பார்த்தா, வேப்பமரத்துக்குப் பின்னாடி புதுசா ஒரு கட்டடம். பச்சைக் கதவு. பாத்ரூம்! மாப்ளதான் கோயில் கமிட்டியில முக்கியமான ஆளு. எல்லாரும் முகப்பு மண்டபம் கட்டணும்னு சொன்னாங்களாம், இவரு ஒத்தக் கால்ல நின்னு, மொதல்ல இதுதான்னு கட்டியிருக்காரு. சாமிக்கு மொதல்ல என்ன செய்யணும்னு கூடத் தெரியாத மனுஷன். அதுலயும், மாமன் உக்கார்ற மணையை அந்தப் பச்சைக் கதவுக்குப் பக்கத்துல போட்டிருக்காரு. சாமி முன்னாடி போடாம! எனக்குச் சுருக்குன்னுச்சு. சண்டை போட வேணாம்னு உக்காந்துட்டேன்.

மாலையைப் போட்டாங்க. பிள்ளையை மடியில உக்கார வெச்சாங்க. எட்டு வயசுப் பிள்ளை, காலு தரையில இடிக்குது, கனம் வேற. பத்தர் சந்தனத்துல ரெண்டு காதுலயும் பொட்டு வெச்சாரு. அப்பத்தான் மங்கை, ஐயோ, ஜிமிக்கித் தட்டை வேன்லேயே வெச்சுட்டோம்னுச்சு. வேன் எங்க? டிரைவர் ஐஸ் வாங்க ரோட்டுக்குப் போயிட்டான். வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். மேளம் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுபோச்சு. வெயிலு ஏறுது. முந்நூறு பேரும் என்னையே பார்க்கிறாங்க.

எனக்கு உள்ள ஒண்ணும் இல்லை. ஆனா பயம் வந்துடுச்சு. பழக்கம்ல? இப்ப வந்தா, இப்ப வந்தான்னு ஒரே நினைப்பு. நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு.

சஷ்டிகா திரும்பி என் மூஞ்சியைப் பார்த்துச்சு. என் காதுகிட்ட வந்து மெதுவா, மாமா, பாத்ரூம் வருதுன்னா என் கையை ஒரு தடவை அமுக்குங்க, நான் கத்தி அழுது கீழ விழுந்து பொரளுறேன், எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க, நீங்க ஓடிப் போயிட்டு வந்துடுங்க, பச்சைக் கதவு தொறந்துதான் இருக்குன்னுச்சு. நாங்க வீட்ல பழகிப் பார்த்துட்டோம் மாமா, நான் சூப்பரா அழுவேன்.

தம்பி, அத்தனை வருஷம் மொட்டைக் காதோட சுத்தின பிள்ளை. எனக்குக் கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு. மாலை போட்ட மாமன் மணையில உக்காந்து அழுதா நல்லாவா இருக்கும்?

அமுக்கினேன்.

என்ன ஒரு அழுகைங்குறீங்க! மேளம் தோத்துப்போச்சு. பத்தரு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, அம்மாடி நான் இன்னும் தொடவே இல்லையேங்குறாரு. மண்ணுல விழுந்து பொரளுது. சனம் பூரா சிரிக்குது, போட்டோக்காரன் அதைத்தான் எடுக்கிறான். நான் அந்தக் கேப்புல கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். நடுவுல அது ஒத்தக் கண்ணைத் தொறந்து, நீங்க இன்னும் போகலையான்னு சைகையில கேட்குது. வரலைன்னு தலையாட்டினேன். அப்புறம் எதுக்கு அமுக்குனீங்கன்னு முறைக்குது!

என்னை யாருமே பார்க்கலை. அது சத்தியம். மாப்ள மட்டும் எனக்கு முன்னாடி வந்து, சனத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. அந்தப் பச்சைத் துண்டை எடுத்து நீட்டினாரு. வெயிலு மச்சான், வேர்த்திருக்கு, தொடைச்சுக்கங்கன்னாரு. வேர்வைன்னே நினைச்சுட்டாரு.

வேன் வந்துச்சு, காதும் குத்தியாச்சு, அது வரைக்கும் நான் மணையை விட்டு எழுந்திரிக்கலை. பிள்ளைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சதுங்குறீங்களா? இந்தக் காலத்துப் பசங்க தம்பி, தானாக் கண்டுபிடிச்சுடும். யாரோட பழகிப் பார்த்துச்சுன்னு நான் கேட்டுக்கலை.

பாருங்க, சிஸ்டர் வந்துட்டாங்க. கூட யாரு வந்திருக்காங்கன்னு உங்களைக் கேட்குறாங்க. முழிக்காதீங்க தம்பி. அதோ வராண்டாவுல, பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் பேப்பர் படிக்கிறாரு பாருங்க, அவரைக் காட்டுங்க. உங்களுக்கும் சேர்த்து உக்காந்திருப்பாரு. ஒண்ணும் கேட்க மாட்டாரு.